கம்ப்யூட்டர் படிப்பு இன்னும் சோறு போடுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் எந்தப் பிரிவைக் கேட்பது?

பையன், “கம்ப்யூட்டர்” என்கிறான். தாயார் சரி என்கிறார். தகப்பனாருக்கு மட்டும் தூக்கம் வருவதில்லை.

“இருக்கிறது அரை ஏக்கர். அதை விற்றுப் படிக்க வைக்கிறேன். நாலு வருஷம் கழித்து வேலை இல்லை என்று வந்து நின்றால் என்னடா செய்வது?”

“கிடைக்கும் அப்பா. பெரியம்மா வீட்டு அண்ணன் சேரவில்லையா?”

“அவன் சேர்ந்தது எந்தக் காலம்!”

அண்ணன் சேர்ந்தது 2010-ல். அந்த ஆண்டுக்கும் இப்போதைக்கும் நடுவே என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொண்டால்தான் தகப்பனாருக்குப் பதில் சொல்ல முடியும்.

இரண்டு எழுத்து செய்த வேலை

டி.சி.எஸ். கம்பெனி 1968-ல் தொடங்கியது. இன்போசிஸ் கம்பெனியை 1981-ல் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதல் 10 ஆயிரம் ரூபாய்! ஆனால் வேலை வெள்ளமாக வந்தது 1990-களின் கடைசியில்தான்.

அதற்குக் காரணம் ஒரு வேடிக்கையான சிக்கல். பழைய கம்ப்யூட்டர்களில் ஆண்டை இரண்டே எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 1999 என்றால் 99. அப்படியானால் 2000 பிறக்கும்போது? 00 என்று வரும். இயந்திரம் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளும். பாங்கு வட்டி என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் கணக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவும் ஐரோப்பாவும் பதறின. கோடிக்கணக்கான வரிகளைப் படித்துத் திருத்த ஆள் வேண்டும். அங்கே ஆள் போதவில்லை. இந்தியாவில் இங்கிலீஷ் தெரிந்த பட்டதாரிகள் இருந்தார்கள். சம்பளமும் குறைவு. வந்த கம்பெனிகள் வேலை முடிந்தும் போகவில்லை.

2000 ஜூலையில் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. உப்பளமும் தோப்புமாகக் கிடந்த பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன.

தலைக்கு இவ்வளவு

இந்தத் தொழிலின் சூட்சுமம் எளிது. ஓர் ஆள் இத்தனை மணி நேரம் வேலை செய்தான் என்று வெளிநாட்டுக் கம்பெனியிடம் பணம் வாங்குவார்கள். தலை கூடினால் வரும்படி கூடும். ஆகவே கல்லூரிக்கே வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்தார்கள்.

சிவில் படித்தவனா? வா. மெக்கானிக்கலா? நீயும் வா. “கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் என்ன, நாங்கள் சொல்லித் தருகிறோம்” என்றார்கள்.

அப்போது புதிதாகச் சேர்ந்தவருக்கு வருடம் 3 லட்சத்தை ஒட்டிச் சம்பளம். 2010-ல் ஒரு பவுன் தங்கம் சுமார் 14 ஆயிரம் ரூபாய். ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பவுன் வாங்கி, வீட்டுக்கும் அனுப்பலாம். பல வீடுகளில் தங்கை கல்யாணம் நடந்தது இந்தப் பணத்தில்தான்.

இப்போது? பெரிய கம்பெனிகள் பலவற்றில் புதியவர்களுக்கு இன்னும் மூன்று, மூன்றரை லட்சம்தான். பவுனோ, 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அண்ணன் ஒரு மாதத்தில் வாங்கியதைத் தம்பி வாங்க மூன்றரை, நாலு மாதம் உழைக்க வேண்டும்!

பழைய பயம், புதிய பயம்

1960-களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் போராடினார்கள். “கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தா வேலை போய்விடும்” என்பது அவர்கள் பயம். இன்று கம்ப்யூட்டர்காரர்களுக்கே அந்தப் பயம் வந்துவிட்டது.

2022 நவம்பர் 30-ந் தேதி சாட்ஜிபிடி வெளியாயிற்று. கேட்டதைப் புரிந்துகொண்டு பதில் எழுதும் செயற்கை அறிவு அது. கம்ப்யூட்டர் நிரலையும் எழுதியது. புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு நாள் உட்கார்ந்து செய்யும் சில்லறை வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் தொழிலில், தலையே குறைந்தால் என்ன ஆவது?

2025 ஜூலையில் டி.சி.எஸ். ஓர் அறிவிப்புச் செய்தது. ஊழியர்களில் 100-க்கு 2 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. சுமார் 12 ஆயிரம் பேர். செயற்கை அறிவு காரணம் அல்ல, புதிய வேலைக்குப் பலருடைய திறமை பொருந்தவில்லை என்பதே காரணம் என்றார் அதன் தலைவர். பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலைப் பதவியில் இருப்பவர்களே இதில் அடங்குவார்கள் என்றும் சொல்லப்பட்டது. அதாவது, வீட்டுக் கடனில் பாதி பாக்கி இருக்கும் வயசுக்காரர்கள். பையன் வேலைக்குச் சேருவானா என்பதோடு, 40 வயதிலும் வேலையில் இருப்பானா என்பதும் இப்போது கேள்விதான்.

இரண்டு மாதத்தில் அடுத்த இடி. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விசா மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது. அமெரிக்கக் கனவு கண்ட எத்தனையோ வீடுகளில் அன்று டெலிவிஷன் முன்னால் கூட்டம்.

அப்படியானால் கதை முடிந்ததா?

இல்லை. நாஸ்காம் சங்கத்தின் கணக்குப்படி, 2024-25-ல் இந்தத் துறையில் சுமார் 58 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இது ஒன்றும் சின்னத் தொகை அல்ல.

இன்னொரு மாறுதலும் உண்டு. வெளிநாட்டு பாங்குகளும் கார் கம்பெனிகளும் இடையில் ஆள் வைக்காமல் இங்கே தாங்களே ஆபீஸ் திறக்கின்றன. 2023-24-ல் இந்தியாவில் இப்படி 1,700-க்கும் மேற்பட்ட மையங்கள் இருந்தன. சுமார் 19 லட்சம் பேருக்கு வேலை. சம்பளம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வண்டி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொருவராகப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கிறார்கள்.

சென்னைதான் என்றும் இல்லை. விழுப்புரத்திலும், தஞ்சாவூரிலும், சேலத்திலும் 2024-ல் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனியின் ஆபீஸ் இருக்கிறது. அந்தக் கம்பெனி 2005 முதல் சொந்தமாகப் பள்ளி நடத்துகிறது. பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, தொழில் சொல்லித் தருகிறது. பட்டம் கேட்பதில்லை!

இயந்திரம் தப்புச் செய்தால்?

செயற்கை அறிவு நன்றாக எழுதும். தப்பாகவும் எழுதும். தப்பை அது கூச்சமில்லாமல் எழுதும் என்பதுதான் விசேஷம்.

ஒரு கூட்டுறவு சங்கத்தின் வட்டிக் கணக்குக்கு அது நிரல் எழுதுகிறது என்று வையுங்கள். லீப் வருடத்தில் ஒரு நாளை விட்டுவிடுகிறது. அத்தனை பேர் கணக்கிலும் வட்டி பிசகும். அதைக் கண்டுபிடிப்பவன் யார்? வட்டிக் கணக்கும் தெரிந்து, நிரலும் தெரிந்தவன். அவனுக்கு வேலை உண்டு. சொன்னதை மட்டும் தட்டிக் கொடுப்பவனுக்குத்தான் ஆபத்து.

ஆகவே, “எல்லோரும் போகிறார்கள், நானும் போகிறேன்” என்று இந்தப் படிப்பில் சேருவது இப்போது புத்திசாலித்தனம் அல்ல. பையனுக்கு உண்மையில் விருப்பம் உண்டா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். தெருமுனை மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு வைக்கும் சின்ன நிரல் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். வராவிட்டாலும் சோற்றை மறந்து அதிலேயே உட்கார்ந்திருந்தால், சேர்க்கலாம். செல்போனில் ஆட்டம் ஆடுவதைக் கம்ப்யூட்டர் ஆசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிலத்தை விற்கலாமா?

இதில் மட்டும் அவசரம் கூடாது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசாங்கமே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. பாங்கில் 4 லட்சம் வரை படிப்புக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை.

கடனும் லேசானது அல்ல. படிப்பு முடிந்தபின் மாதம் 7, 8 ஆயிரம் கட்டவேண்டி வரலாம். 25 ஆயிரம் சம்பளத்தில் சென்னையில் அறை வாடகையும் ஓட்டல் சாப்பாடும் போக, அது பெரிய தொகைதான். ஆனாலும், கடனை அடைத்துவிடலாம். விற்ற நிலம் திரும்பி வராது.

தகப்பனார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த பத்திரத்தை மறுபடி உள்ளே வைத்தார்.

“அரசுப் பள்ளியில் படித்ததற்கு ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேண்டுமாமே. நாளைக்குக் காலையில் போய் வாங்கி வா. நான் பாங்குக்குப் போகிறேன்.”

“அந்தக் கடைக் கணக்கு, அப்பா?”

“அதையும் செய்து காட்டு. அண்ணாச்சி கடையில் நம் பாக்கி எவ்வளவு என்று எனக்கே தெரிய வேண்டும்.”