எழுத்தும் சந்தாக் கொப்பியும்

பட்டிப் பொங்கலன்று மாலை ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். வடமராட்சிப் பகுதியிலே ஆசிரியத் தொழில் புரிபவர். நன்றாக எழுதவும் கூடியவர். அவருடைய கையிலே நீண்ட கடிதவுறையொன்று இருந்தது. அச்சகத்தார் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு அதனுள்ளே இருந்தது. சொந்தமாக ஒரு மாதச் சஞ்சிகை தொடங்கப் போவதாகவும், முதல் இதழை ஆயிரம் பிரதிகள் அச்சிடப் போவதாகவும் முகமலர்ச்சியோடு கூறினார்.

"பணத்துக்கு என்ன வழி, தம்பி?" என்றேன்.

சற்றுத் தயங்கினார். மனைவியின் காப்புச் சோடியும் சங்கிலியும் வங்கிக்கு அடகு போகவிருப்பதாகவும், அவரும் மனமொப்பிவிட்டதாகவும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஆயிரம் பிரதியையும் வாங்கப் போகிறவர்கள் யார்?"

"நல்ல விஷயம் எழுதினால் சனங்கள் வாங்குவார்கள்தானே, ஐயா?"

இக் கேள்விக்கு உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. ஆமென்றால் காப்புச் சோடி போய்விடும். இல்லையென்றால் ஒருவருடைய ஆசையின் மேலே தண்ணீர் வார்த்தவனாவேன். ஆகவே, தம் எழுத்தைத் தாமே வெளியிட்டுப் பார்த்த சிலருடைய வரலாற்றை அவருக்குச் சொன்னேன். நேயர்களுள் எழுத்தாளரைப் பெற்றவர்களும் எழுத்தாளரை மணந்தவர்களும் இருப்பீர்களாதலால் அவற்றை இங்கும் எழுதுகிறேன்.

நல்ல எழுத்தை நாடி வாசகர் தாமாகவே ஓடி வருவர் என்பது மெய்யாயின், லண்டனிலே சாமுவேல் ஜோன்சன் நடத்திய 'ராம்ப்ளர்' அமோகமாக விற்றிருக்க வேண்டும். ஆங்கில மொழிக்குப் பேரகராதி தந்த மேதை அவர். 1750 மார்ச்சு முதல் 1752 மார்ச்சு வரை வாரத்தில் இரு முறை, மொத்தம் 208 இதழ்கள் வெளிவந்தன. சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் அவரே எழுதினார். விலை இரண்டு பென்ஸ். இருந்தும் ஓர் இதழ் 500 பிரதிகள்கூட விற்கவில்லை. பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டபோதுதான் அக் கட்டுரைகள் பதிப்பின்மேற் பதிப்பாக விலைப்பட்டன. ஆனால் ஜோன்சனுக்கு ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு கினி அவருக்குக் கூலியாகக் கிடைத்தது. விற்காவிட்டால் நட்டம் வெளியீட்டாளருடையது. நம் இளைஞருக்கோ வெளியீட்டாளர் இல்லை. காப்புச் சோடிதான் இருந்தது.

காப்பு என்றதும் எனக்குச் சி. சு. செல்லப்பாவின் நினைவு வந்தது. சென்னையிலே 1959 சனவரியில் 'எழுத்து' என்னும் சஞ்சிகையை அவர் தொடங்கினார். தமிழிலே புதுக்கவிதை வேரூன்றியதற்கு அந்த மெலிந்த சஞ்சிகை பெருங் காரணம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். நம் திருகோணமலையிலே பிறந்த தருமு சிவராமுவும் அதிலே எழுதித்தான் பெயர் பெற்றார். இலக்கியப் பெறுபேறு இவ்வளவு பெரிது, வருமானமோ இல்லை. மனைவியாரின் நகைகள் அதற்காகப் போயின. தம் பிரசுரத்தின் நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் அப் பெரியவர். 119 இதழ்களோடு 1970-இல் 'எழுத்து' நின்றது. செல்லப்பாவின் பெயருக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: இலக்கிய வரலாற்று நூல்களிலே செல்லப்பாவுக்கு ஓர் அதிகாரம் உண்டு, அந்த அம்மையாருக்கு ஒரு வரியாவது உண்டா?

"அப்படியானால் தன் பத்திரிகையைக் கொண்டே குடும்பத்தைக் காத்தவர் ஒருவருமே இல்லையா?" என்று இளைஞர் சற்று வாட்டத்தோடு கேட்டார். இருக்கிறார். ஆனால் அவரைக் காண்பதற்கு அமெரிக்காவின் தலைநகருக்குப் போகவேண்டும்.

ஐ. எவ். ஸ்டோன் என்பவர் பதினான்கு வயதிலேயே தம் ஊரில் ஒரு சிறு பத்திரிகை நடத்தியவர். மூன்று இதழ்கள் வந்தன. பையன் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று தகப்பனார் அதை நிறுத்திவிட்டார். தகப்பன்மார் எங்கும் ஒரே மாதிரித்தான் போலும்! பின்னர் நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் பல தினசரிகளிலே எழுதிப் பெயர் பெற்றார். அவர் கடைசியாக வேலை பார்த்த தினசரி 1952 நவம்பரிலே மூடப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு, மூன்று பிள்ளைகள், காதும் மந்தம். செனட்டர் மக்கார்த்தியின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலமாதலால், அரசாங்கத்தைக் கண்டித்தெழுதும் அவரை வேலைக்கு எடுக்க எவரும் முன்வரவில்லை. வேலை நீங்கியபோது கிடைத்த 3,500 டொலரும், நண்பரொருவர் வட்டியின்றிக் கடனாகக் கொடுத்த 3,000 டொலருமே கைம்முதல். அதைக்கொண்டு நான்கு பக்க வாரப் பத்திரிகையொன்றை 1953 சனவரியிலே தொடங்கினார்.

ஸ்டோன் அந்தப் பணத்தை நேரே அச்சகத்துக்குக் கொண்டுபோகவில்லை. இதைத்தான் நான் இளைஞருக்கு இரண்டு முறை சொன்னேன். தாம் எழுதி மூடப்பட்டுப்போன பழைய தினசரிகளின் சந்தாதாரர் பட்டியல்களைத் தேடிப் பெற்றார். தம் நூல்களை வாங்கியோரின் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குக் கடிதம் அனுப்பி, ஆண்டுச் சந்தா 5 டொலர் என்று முற்பணம் கேட்டார். முதல் இதழ் வெளிவருமுன்னரே 5,300 பேர் சேர்ந்துவிட்டனர். ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: 26,500 டொலர். கடதாசிச் செலவும் அச்சுக் கூலியும் தபாற் செலவும் போக ஒரு குடும்பம் சீவிக்கலாம். அந்த முதற் சந்தாதாரருள்ளே ஐன்ஸ்டீனும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இருந்தனர் என்பதைப் பலரும் வியந்து கூறுவர். எனக்கு வியப்பு அதுவன்று. பெயர் தெரியாத மற்றையோர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர், இன்னும் அச்சாகாத பத்திரிகைக்கு முன்கூட்டியே பணம் அனுப்பினரே, அதுதான் வியப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய எழுத்தைப் படித்து, இந்த மனிதன் பொய் சொல்லமாட்டான் என்று அவர்கள் கண்டிருந்தனர்.

பத்திரிகைகளுக்குரிய மலிவான தபாற் கட்டணம் இன்றேல் இம் முயற்சி நடந்திராது. அதற்கான அனுமதி அரசியற் கேள்வி எதுவும் கேட்கப்படாமலே கிடைத்தது என்பதை, அரசாங்கத்தைச் சாடி வந்த ஸ்டோனே நன்றியோடு எழுதியிருக்கிறார். விளம்பரம் அவர் வாங்கவில்லை. எழுதுவதும் ஒப்புநோக்குவதும் அவருடைய வேலை. பணம் வாங்குவது, பதிவது, முகவரி மாற்றுவது, சந்தா முடிந்தவர்களுக்கு எழுதுவது யாவும் மனைவி எஸ்தருடைய வேலை. அப் பத்திரிகையின் இரண்டாவது தூண் அவரே. இங்கே மனைவியின் நகை போகவில்லை. மனைவியின் கணக்குப் புத்தகம் நின்றது.

சேர்ந்தவர்கள் ஏன் நிலைத்தனர்? மற்றைய பத்திரிகைகளிலே கிடைக்காத ஒன்று அந்த நான்கு பக்கங்களிலே கிடைத்ததுதான் காரணம். காது மந்தமான ஸ்டோன் நிருபர் கூட்டங்களை நம்பியிருக்கவில்லை. அரசாங்க அறிக்கைகளையும் விசாரணைப் பதிவுகளையும் வரி வரியாகப் படித்தார். 1957 செப்டம்பரிலே நெவாடாவில் நிலத்தின் கீழே அணுகுண்டுப் பரீட்சையொன்று நடந்தது. அதன் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் உணரப்படவில்லை என்று அடுத்த ஆண்டில் அணுசக்தி ஆணைக்குழு அறிவித்தது. அஃது உண்மையாயின், இரகசியப் பரீட்சைகளைக் கண்டுபிடிக்க இயலாது. பரீட்சைத் தடை ஒப்பந்தம் செய்தும் பயனில்லை என்றாகிவிடும். ஆனால் உரோமாபுரியிலும் தோக்கியோவிலும் அவ்வதிர்வு பதிவானதாகப் பத்திரிகை மூலையில் முன்பு வந்த சிறு செய்திகளை ஸ்டோன் மறக்கவில்லை. நிலநடுக்கம் அளக்கும் அரசாங்கத் திணைக்களத்துக்கே நேரிற் சென்று விசாரித்தார். அலாஸ்காவில், ஏறக்குறைய 2,300 மைலுக்கு அப்பாலுள்ள நிலையம்கூட அதனைப் பதிந்திருந்தது! ஆணைக்குழு தன் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. எவரும் வாங்கக்கூடிய பத்திரிகைகளையும் அரசாங்கத் திணைக்களமொன்றையும் கொண்டே ஒரு தனி மனிதர் இதைச் செய்தார். இத்தகைய பத்திரிகைக்கு ஆண்டு முடிவிலே சந்தாவைப் புதுப்பிக்க யார் மறப்பர்?

1971 முடிவிலே உடல்நலக் குறைவால் ஸ்டோன் பத்திரிகையை நிறுத்தியபோது சந்தாதாரர் தொகை ஏறக்குறைய 70,000. சந்தா அதே 5 டொலர்தான். ஓய்வு பெற்ற பின்னர் பழைய கிரேக்க மொழியைக் கற்று, சோக்கிரதீசின் விசாரணையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

"அது அமெரிக்கா, ஐயா. எங்கள் ஊரிலே நடக்குமா?" என்றார் இளைஞர். நியாயமான கேள்விதான். ஐயாயிரம் முகவரிகளுக்கு அவர் எங்கே போவார்? ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர் இதைக் கேட்பதுதான் வேடிக்கை. டொமினிக் ஜீவா நம்மிடையே வாழ்ந்தவரல்லரோ?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவர். முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்திலே பிறந்து, சாதிக் கொடுமையின் கூரிய முனைகளைச் சிறு வயதிலேயே அனுபவித்தவர். அத் தொழிலைச் செய்துகொண்டே சிறுகதை எழுதிச் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றார். 1966 ஆகஸ்டிலே 'மல்லிகை' தொடங்கினார். வாசகர் தேடி வருவர் என்று அவர் காத்திருக்கவில்லை. பையிலே இதழ்களை அடுக்கிக்கொண்டு தாமே தெருத் தெருவாகச் சென்றார். கூட்டம் எங்கே நடந்தாலும் வாசலிலே ஜீவா நிற்பார். நண்பரென்றும் பாராமற் சஞ்சிகையை நீட்டுவார். காசையும் கேட்டு வாங்குவார். பத்திராதிபர் ஒருவர் இப்படிச் செய்வது கௌரவக் குறைவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அச்சிட்ட இதழ்கள் கட்டுக் கட்டாகப் பரணிலே கிடப்பதுதான் கௌரவம் என்று எண்ணும் அன்பர்களுக்கு என்ன சொல்வது?

அட்டையிலே எழுத்தாளர்களின் படங்களைப் போட்டு, உள்ளே அவர்களைப் பற்றிய கட்டுரையும் வெளியிட்டு வந்தார். மறைந்தபின் மாலை போடும் நம் நாட்டிலே இருக்கும்போதே மாலை போட்டவர் அவர். இதிலே அன்பும் உண்டு. வியாபார சாமர்த்தியமும் உண்டு என்பது என் எண்ணம். அட்டையிலே படம் வந்தவருடைய ஊராரும் உறவினரும் அந்த இதழை வாங்காதிருப்பரோ? போர்க் காலத்திலே ஆசிரியர் கொழும்புக்குப் பெயர்ந்தபோது மல்லிகையும் உடன் பெயர்ந்தது. நானூறு இதழ்கள் கண்டு 2012 வரை அது வெளிவந்தது. 2021 சனவரியிலே ஜீவா காலமானார். மல்லிகையால் அவர் செல்வரானார் என்று எவரும் சொல்லார். ஆயினும் நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு சஞ்சிகை வாழ்ந்ததென்றால், காசு கொடுத்து வாங்கியவர்கள் நாற்பத்தாறு ஆண்டுகளும் இருந்தார்கள் என்பதே பொருள்.

இனாம் பிரதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம்மவர்க்குள்ளே ஒரு வழக்கம் உண்டு. நண்பர் நூல் வெளியிட்டால் நமக்கு ஒன்று சும்மா வரவேண்டும். வராவிட்டால் கோபமும் வரும். தேநீருக்கும் வெற்றிலைக்கும் கணக்குப் பாராமற் செலவிடுகிறவர் சஞ்சிகை என்றதும் கையை மடக்கிக்கொள்வார். நானும் இந்தக் குற்றத்துக்கு உடந்தையானவனே. என் அலுமாரியிலே அப்படி வந்தவை இரண்டு தட்டுக்கள் நிறைய இருக்கின்றன.

இவ்வளவும் கேட்ட பின்னர், அச்சகக் கணக்கை மடித்து உறையிலே வைத்துக்கொண்டு இளைஞர் எழுந்தார். வீட்டிலே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருக்கும். அதிலே, கேட்டால் ஓர் ஆண்டுச் சந்தா தரக்கூடியவர்கள் என்று உண்மையாகவே நம்பும் பெயர்களை மாத்திரம் எழுதும்படி சொன்னேன். அன்றிரவே எழுதினாராம். ஆயிரம் என்று நினைத்திருந்தவருக்கு நாற்பத்தொரு பெயர்கள்தான் வந்தன. அதைக் கண்டு அவர் சோர்ந்துபோனதையும், மனைவியார் கொப்பியை வாங்கித் தம்முடன் படித்தவர்கள், சேர்ந்து கற்பிக்கும் ஆசிரியைகள் என்று மேலும் இருபத்தாறு பெயர்களை எழுதியதையும் பின்னர் அறிந்தேன்.

நான்கு மாதங்களின் பின்னர் எனக்கு ஒரு கடிதம் வந்தது. சஞ்சிகையன்று, சந்தா கேட்கும் அறிவித்தல். முந்நூறு பேர் சேர்ந்ததும் முதல் இதழ் வெளிவரும். ஆண்டுக்குள் சேராவிட்டால் பணம் திருப்பி அனுப்பப்படும் என்று எழுதியிருந்தது. பணத்தை அனுப்பினேன். அடுத்த வாரமே பற்றுச்சீட்டு வந்தது. இலக்கம் 118. கையெழுத்து அவருடையதன்று, வட்டமான, ஒழுங்கான, பெண்ணொருவருடைய கையெழுத்து.