காற்றறிந்து புறப்படுக



நெடுநாள் விடுமுறையைக் குடும்பத்தோடு பிற நாடொன்றில் கழிப்பது எவ்வாறு, அதனிடையே காட்டுயிர்களையும் கடலுயிர்களையும் கண்டு மகிழ்வது எவ்வாறு என்பது இன்றைய பேச்சின் பொருள். பிற நாடு என்றதும் நம் நினைவு தொலைவிலுள்ள பெருநகரங்களுக்குச் செல்லும். ஆயினும் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இலங்கையே வெளிநாடு. தாய் தந்தையர் பிறந்த ஊரைக் காண வருவதே அவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம். ஆகவே அத்தகைய குடும்பம் ஒன்று சல்லிக்கு வருவதாக வைத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

சல்லி, திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள கடலோர ஊர். மீன்பிடித் தொழிலும் முத்துமாரியம்மன் கோயிலும் அதற்கு அடையாளங்கள். 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரையோரத்து மக்களைப் பல திசைகளிலும் சிதறடித்தன. வெளிநாடு சென்றோர் பல ஆண்டு பணம் சேர்த்தே பிள்ளைகளை ஒருமுறை அழைத்து வருகிறார்கள். மறுமுறை வரும்போது பாட்டனும் பாட்டியும் இருப்பார்களோ என்று எவரும் உறுதி கூற இயலாது. அத்தகைய பயணத்தைக் காலமறியாது தொடங்கி வீணாக்கலாகாது.

பயணத் திட்டம் என்றதும் பலர் முதலில் விமானச் சீட்டின் விலையையே விசாரிக்கின்றனர். முதலில் விசாரிக்க வேண்டியது காற்றை. இலங்கை சிறிய தீவாயினும் இரண்டு பருவக்காற்றுகளின் ஆட்சிக்கு உட்பட்டது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகையில் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும்; திருகோணமலைக் கரையிலோ மழை குறைந்து கச்சான் வீசும்; கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் நிலைமை தலைகீழாகிவிடும். மேற்குக் கரை மீனவர் பலர், தம் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். கடலை நம்பி வாழ்வோர் கைக்கொண்ட இந்த முறையே பயணிகளுக்கும் சிறந்த வழிகாட்டி.

இதனைப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் நீண்ட விடுமுறை கோடையில், யூலை ஆகஸ்டு மாதங்களை ஒட்டி வருகிறது. அக்காலம் சல்லிக்கு மிகப் பொருத்தமானது. அவுஸ்திரேலியாவிலோ டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே நீண்ட விடுமுறை. அப்போது திருகோணமலையில் மாரி. படகேறிக் கடலுயிர் காண்பது அரிது. அக்குடும்பம் உறவினரைக் காணச் சில நாள்களைச் சல்லியில் கழித்துவிட்டு, திமிங்கிலம் காண்பதற்குத் தென்கரையிலுள்ள மிரிசைக்கும், நீர்ப்பறவைகளைக் காண்பதற்குப் பூந்தலைக்கோ மன்னாருக்கோ செல்வதே தக்கது. ஒரே தீவுதான், ஆயினும் மாதம் மாறினால் வழியும் மாற வேண்டும்.

கோடையில் வரும் குடும்பத்துக்கு ஐந்து வார விடுமுறை இருக்கிறதென்று கொள்வோம். நாளொன்றுக்கு ஓர் ஊராக நாடு முழுவதையும் சுற்றத் திட்டமிடுவோர், பெரும்பகுதி நேரத்தை வாகனத்திலேயே கழிப்பர். சல்லியை இருப்பிடமாகக் கொண்டு அங்கிருந்து சென்று மீள்வதே பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஏற்றது. ரொறன்ரோ நகருக்கும் இலங்கைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வேறுபாடு உண்டு. ஆதலால் முதல் நான்கைந்து நாள்களுக்கு எவ்வித ஏற்பாடும் வேண்டாம். அந்நாள்களில் அருகிலுள்ளவற்றைக் காணலாம். சாம்பல்தீவுக் களப்போரத்தில் கொக்குகளைப் பார்க்கலாம். திருகோணமலைக் கோட்டையினுள் புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாது உலவுகின்றன. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழி அதுவே. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் தொலைவில் இல்லை.

இனித் திமிங்கிலத்தைப் பற்றிக் கூறுவேன். உலகில் வாழும் விலங்குகள் அனைத்திலும் பெரியது நீலத் திமிங்கிலம். அதனைக் கரைக்கு இத்துணை அருகில் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் செல்கிறது. இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களே அம்மாபெரும் விலங்கின் இரை. ஏனைய கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பல, கோடையில் துருவக் கடல்களுக்குச் சென்று இரைதேடும். வட இந்து சமுத்திரத்தில் வாழ்பவையோ ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. 1980களின் தொடக்கத்தில் ரியூலிப் என்னும் ஆராய்ச்சிப் படகில் வந்த அறிஞர்கள் திருகோணமலைக் கடலில் இவற்றைக் கண்டு ஆராய்ந்தனர். பின்னர் மூண்ட போர் அக்கடலை நெடுங்காலம் பயணிகளுக்கு மூடிவிட்டது.

இக்கடலில் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை அவை காணப்படுவதுண்டு. ஒரு நாள் சென்று காணாது திரும்புவதும் இயல்பே. ஆகையால் இதற்கென இரண்டு மூன்று காலைப் பொழுதுகளை ஒதுக்கி வையுங்கள். காற்று வலுக்குமுன், விடியற்காலையிலேயே புறப்படுதல் நன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி படகில் உண்டா என்று ஏறுமுன் பாருங்கள். இல்லையெனில் ஏற வேண்டாம். படகோட்டியிடம், திமிங்கிலத்தைத் துரத்த வேண்டாம், அதன் வழியை மறிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பத்துப் படகுகள் சூழ்ந்து இரைச்சலிட்டால் அது இரைதேடுவதை விட்டு அகன்றுவிடும். பணம் கொடுப்பவர் அவசரப்படாவிடின் படகோட்டியும் அவசரப்பட மாட்டார்.

நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலை இருக்கிறது. மாடப்புறாக்கள் கூடுகட்டி வாழ்வதால் வந்த பெயர் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்ட அத்தீவு, 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாயிற்று. அதைச் சூழ்ந்த முருகைக் கற்பாறைகளிடையே பல நிற மீன்களையும், கடலாமைகளையும், மனிதரைக் கண்டு ஒதுங்கும் சிறு சுறாக்களையும் காணலாம். முருகைக்கல் வெறுங்கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. குன்றுபோல் வளரும் வகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். 1998இல் கடல்நீர் சூடேறியபோது தென் கரையிலும் மேற்குக் கரையிலும் முருகைப் பாறைகள் பல வெளுத்து மடிந்தன. புறாமலையைச் சார்ந்தவை பெரும்பாலும் தப்பின. அவ்வாறு தப்பியதை மனிதரின் கால்கள் மிதித்து உடைக்கின்றன. ஆகவே பிள்ளைகள் முதலில் சல்லிக் கடற்கரையில் பெரியோர் துணையோடு மிதக்கப் பழகட்டும். மிதக்கத் தெரிந்தவர் பாறைமேல் கால் ஊன்ற மாட்டார்.

யானைகளைக் காண்பதற்கு மின்னேரியாவுக்குச் செல்ல வேண்டும். மகாசேன மன்னன் கட்டிய குளம் அது. கோடையில் நீர் வற்ற, குளத்தின் படுகையில் இளம்புல் முளைக்கும். அப்புல்லை நாடிச் சுற்றுக்காடுகளின் யானைகள் கூட்டங்கூட்டமாக வரும். ஆகஸ்டு, செப்டெம்பர் மாதங்களில் நூற்றுக்கணக்கில் ஒருங்கே காணப்பட்டதுண்டு. ஆனால் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் இயங்கத் தொடங்கிய பின், வேறிடத்து நீர் வந்து குளம் கோடையிலும் நிறைந்திருக்கும் ஆண்டுகள் உண்டு. அப்போது புல்வெளி குறையும். யானைகளும் வேறிடம் தேடும். எனவே குளத்தின் நீர்மட்டத்தையும், அருகேயுள்ள கவுடுல்லையின் நிலையையும் விசாரித்த பின்னரே நாள் குறியுங்கள். கபரணை, கந்தளாய் வழியாக இரவில் வாகனமோட்டுவதைத் தவிருங்கள். சாலையோர யானைக்குப் பழம் கொடுப்பதும் தகாது. உணவுக்காகச் சாலைக்கு வரப் பழகிய யானை ஒருநாள் மனிதனைக் கொல்லும், அல்லது மனிதனால் கொல்லப்படும். நமக்குக் காட்சியாயிருக்கும் யானை, அயலிலுள்ள வேளாண்மைக்காரருக்கு நெல்லையும் உயிரையும் பற்றிய அச்சம் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.

ஏனைய ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்வேன். கடவுச்சீட்டு, வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். நுழைவு அனுமதியை முன்னரே பெறுக. தடுப்பூசிகளைப் பற்றிக் குடும்ப மருத்துவரிடம் இரண்டு மாதங்களுக்கு முன்பே கேட்டறிக. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. டெங்குவோ இன்றும் உண்டு. அது பகலில் கடிக்கும் நுளம்பால் பரவுவது. ஆதலால் இரவில் வலை கட்டினால் மட்டும் போதாது. தேசிய பூங்காக்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோருக்குக் கட்டணம் பன்மடங்கு அதிகம். உறவினர் அனைவரையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புவோர் அதனையும் வாகனச் செலவையும் முன்னரே கணக்கிடுவது நன்று.

நேயர்களுள் இவ்வாறு வருவோரை எதிர்நோக்கி ஊரில் இருப்பவர்களே மிகுதியாக இருக்கலாம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விருந்தும் கோயிலும் உறவினர் வீடுமாக எல்லா நாளையும் நிரப்பிவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளை விடியற்காலையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். வலையில் வந்த மீன்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். கச்சான் எது, வாடை எது, எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்று கூறுங்கள். திமிங்கிலத்தின் படத்தை எந்நாட்டிலும் பார்க்கலாம். பாட்டன் மீன்பிடித்த கடலையும், அக்கடலின் மொழியையும் அவர்கள் பெறக்கூடிய இடம் இந்தக் கரை ஒன்றுதான். அதற்கும் சில நாள்களை ஒதுக்கித் திட்டமிடுங்கள்.