ஒரு சொல், மூன்று பாடங்கள்: ‘இம்பல்ஸ்’

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், ஆங்கிலப் புத்தகத்தில் இதை இம்பல்ஸ் என்று போட்டிருக்கிறது. இயற்பியலில் கணத்தாக்குக்கும் அதே சொல்தான். அப்படியென்றால் நரம்பிலும் விசை பெருக்கல் காலமா?” வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரிப்பதற்குரிய கேள்வி அல்ல. தமிழ் வழியில் படித்துப் பின்னர் ஆங்கில வழிக்கு மாறும் மாணவர் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

தள்ளுதல், உந்துதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் இது. தள்ளப்படுவது பொருளா, நரம்பா, மனமா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

இயற்பியலில் அது ஓர் அளவு. விசையையும் அது செயல்படும் காலத்தையும் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. அது உந்த மாற்றத்துக்குச் சமம்; அலகு நியூட்டன் வினாடி. கணத்தாக்கு விசை என்பது வேறு. அது விசை, அதன் அலகு நியூட்டன். இவ்விரண்டையும் மாணவர்கள் எளிதில் குழப்பிக்கொள்கிறார்கள்.

கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று கேட்டால், “கணத்தாக்கைக் குறைக்க” என்று எழுதுவோர் உண்டு. கணக்குப் போட்டுக் காட்டலாம். 160 கிராம் பந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது. அதை நிறுத்தத் தேவையான கணத்தாக்கு 3.2 நியூட்டன் வினாடி. 0.01 வினாடியில் நிறுத்தினால் சராசரி விசை 320 நியூட்டன், 0.1 வினாடியில் நிறுத்தினால் 32 நியூட்டன். கணத்தாக்கு மாறவில்லை, காலம் கூடியதால் விசை குறைந்தது.

உயிரியலில் அது ஒரு செய்தி. நரம்பு செல்லின் சவ்வு வழியே சோடியம் அயனிகள் உள்ளே நுழைவதும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதுமாக, ஒரு மின்மாற்றம் நரம்பிழை நெடுகப் பரவுகிறது. 1850இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் இதன் வேகத்தை அளந்தார். மயலின் உறையுள்ள தடித்த நரம்பிழைகளில் இது வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் வரை செல்லும்.

இங்கே தமிழிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சூட்டையும் தூண்டல் என்கிறோம். நரம்பில் ஓடுவதையும் நரம்புத் தூண்டல் என்கிறோம். போதாக்குறைக்கு மின்காந்தத் தூண்டலும் உண்டு. “சுடுவது தூண்டல், அதனால் நரம்பில் ஓடும் செய்தி நரம்புத் தூண்டல்” என்று முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு வேறுபாடும் முக்கியம். ஒரே நேரம் தள்ளினாலும் பலமாகத் தள்ளினால் கணத்தாக்கு கூடும். ஆனால் ஒரு நரம்பிழையில் தூண்டல் வலுத்தால் செய்தியின் அளவு கூடாது. அது அடிக்கடி வரும், அவ்வளவே. மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: சொல் ஒன்று, சூத்திரம் ஒன்றல்ல.

மூன்றாவது பொருள் பாடநூலில் இல்லாவிட்டாலும் தினமும் நம் முன்னால் அமர்ந்திருக்கிறது. யோசிக்குமுன் செயலில் இறங்கவைக்கும் மன உந்துதல் அது. கேள்வி முடியுமுன் விடையைக் கத்தும் சிறுவனை ‘அடங்காதவன்’ என்று எழுதிவிடுகிறோம். உந்துதலைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அது முழுமையாக இருக்க வழியில்லை.

ஆகவே காத்திருக்கப் பழக்குவதும் நம் பாடத்தில் ஒன்று. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லலாம். விடையைச் சிலேட்டில் எழுதி, சொன்னபின் உயர்த்தச் சொல்லலாம். வீட்டிலும் பள்ளியிலும் பல மாதங்கள் இதே நிலை தொடர்ந்து, படிப்பும் நட்பும் கெடுமானால் பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்பவேண்டும். நோயின் பெயரை நாமே சூட்டக்கூடாது.

அடுத்தமுறை இச்சொல் வரும்போது கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, பொருள், நரம்பு, மனம் என்று தலைப்பிட்டு, எடுத்துக்காட்டுகளை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் யார் தடுமாறுகிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.