புதிய டர்போ மோட்டார் காரில் எழும் சப்தங்கள்

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் செல்லும் நெடுஞ்சாலை ஏரிப்பாசன நன்செய்களைக் கடந்து ஒரகடத்தை அடைகின்றது. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையில் மோட்டார்த் தொழிற்சாலைகள் நெருங்கி அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் 1998ஆம் வருஷத்தில் கார் உற்பத்தியைத் தொடங்கினர். ஒரகடத்தில் ரெனோ, நிஸ்ஸான் ஆகிய இரு கம்பெனிகளின் கூட்டுத் தொழிற்சாலை 2010ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. இவ்விரு ஊர்த் தொழிற்சாலைகளிலும் இருந்து 2019இல் வென்யூ, 2020 டிசம்பரில் மேக்னைட், 2021இல் கைகர் என்னும் சிறு கார்கள் வெளிவந்தன. இம்மூன்று வகைகளிலும் 3 சிலிண்டரும் ஏறத்தாழ 1 லிட்டர் கொள்ளளவும் உடைய டர்போ பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வண்டிகள் உண்டு. இத்தகைய வண்டிகள் இப்பொழுது கிராமங்களிலும் மிகுந்து வருகின்றன.

பம்புசெட்டின் ஓசையிலும் டிராக்டரின் ஓசையிலும் பழகிய குடியானவரின் செவிக்கு இப்புதிய எஞ்சினின் சப்தங்கள் விநோதமாகத் தோன்றும். இதனால் இருவகைத் தவறுகள் நேரக்கூடும். இயல்பான சப்தத்தைப் பழுதென்று கருதி, வழியிலுள்ள பட்டறையில் எஞ்சினைப் பிரிக்கச் செய்வது முதலாவது. அவ்வாறு பிரித்த வண்டிக்குக் கம்பெனியார் அளித்த உத்தரவாதம் மறுக்கப்படலாம். பழுதின் சப்தத்தைப் புதிய வண்டியின் இயல்பென்று எண்ணி ஓட்டிக்கொண்டே இருப்பது இரண்டாவது. அதனால் டர்போவும், சில சமயங்களில் எஞ்சின் முழுவதுமே, கெட்டுவிடும். ஒரு போகத்தின் வருமானம் முழுவதையும் விழுங்கத்தக்க செலவு அதனால் ஏற்படக்கூடும். ஆகையால் எச்சப்தம் இயல்பு, எச்சப்தம் பழுது என்று பகுத்தறிதல் வண்டி வாங்கியோர் அனைவருக்கும் அவசியமாகும்.

டர்போ என்பது யாது?

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை மிகுந்த வெப்பமும் வேகமும் உடையது. சாதாரண எஞ்சினில் அது வீணே வெளியில் போகின்றது. டர்போ எஞ்சினிலோ அப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கிச் சிலிண்டர்களுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். எஞ்சின் சிறியதாயினும் சக்தி பெருகும். மேக்னைட் வண்டியில் டர்போ இல்லாத 1 லிட்டர் எஞ்சின் 72 குதிரைத்திறன் அளிக்க, டர்போ உள்ள 1 லிட்டர் எஞ்சின் 100 குதிரைத்திறன் அளிக்கின்றது.

இம்முறைக்கு ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூஹி என்பவர் 1905ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் ரயில் எஞ்சின்களிலும் பயன்பட்டு வந்த பின்னர், 1962இல் அமெரிக்காவில் இது விற்பனைக் கார்களில் பொருத்தப்பட்டது. இந்நாளில் விற்கப்படும் டீசல் கார்களில் ஏறத்தாழ யாவும், அறுவடை யந்திரங்களில் பலவும் டர்போ உடையவையே.

கிணற்றங்கரை டீசல் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்திற்கு 1500 சுற்று சுழல்வது. சிறு காரின் டர்போ அச்சோ, எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது, நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேற்பட்டுச் சுழலும். சிலவற்றில் இரண்டு லட்சத்தையும் எட்டும். அந்த அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால், பின்வரும் சப்தங்களின் காரணமும் எண்ணெய் விஷயத்தில் வேண்டிய ஜாக்கிரதையும் எளிதில் விளங்கும்.

இயல்பான சப்தங்கள்

சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் ஓடுமுன்னரே, வண்டியின் பின்புறத்தில் மெல்லிய ரீங்காரம் சில விநாடி கேட்கும். அது பெட்ரோல் தொட்டிக்குள் உள்ள பம்பு எரிபொருளை முன்னுக்குத் தள்ளும் ஓசையாகும்.

விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் அது முதலில் உரக்க ஓடிப் பின்னர் தணியும். புகையைச் சுத்தி செய்யும் கருவி விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காகவே எஞ்சின் வேகம் தானாக உயர்த்தப்படுகின்றது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு இணங்கிய வண்டிகளில் இது சாதாரணம். ஒன்றிரண்டு நிமிடங்களில் வேகம் தணிந்துவிட்டால் கவலைக்கு இடமில்லை.

நின்ற நிலையில் 3 சிலிண்டர் எஞ்சின், 4 சிலிண்டர் எஞ்சினைப் போல வழவழப்பாக ஓடாது. நிமிடத்திற்கு 800 சுற்று ஓடும்போது 4 சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு ஏறத்தாழ 27 வெடிப்புகளும், 3 சிலிண்டர் எஞ்சினில் 20 வெடிப்புகளும் நிகழ்கின்றன. ஆகவே ஆசனத்திலும் ஸ்டியரிங்கிலும் சிறிது அதிர்வு தெரியும். வேகம் கூடியதும் அது மறையும்.

எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின்களில் தையல் மெஷின் ஓடுவது போன்ற ‘டிக் டிக்’ ஓசை இடைவிடாது கேட்கும். பெட்ரோல் மிகுந்த அழுத்தத்தில் பீச்சப்படுவதே காரணம். பானெட்டைத் திறந்தால் இது உரக்கவும், மூடினால் மெலிந்தும் கேட்கும்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வண்டியை வேகப்படுத்தும்போது மெல்லிய சீழ்க்கை எழும். டீசல் ரயில் எஞ்சின் ஸ்டேஷனை விட்டுப் புறப்படுகையில் எழும் நீண்ட விசில் ஓசையின் சிறிய வடிவம் இது என்று கொள்ளலாம். டர்போ அச்சு வேகமடைவதே இச்சப்தம். அழுத்தியவுடன் சக்தி வராமல் ஒரு நொடி தயங்கிப் பின்னர் வருவதும் இயல்பே; சக்கரம் வேகம் கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கின்றது.

காலை எடுத்தவுடன் ‘புஸ்’ என்னும் பெருமூச்சு சில வண்டிகளில் கேட்கும். எஞ்சினுக்கு வேண்டாது போன அமுக்கக் காற்றை ஒரு வால்வு திருப்பிவிடும் ஓசை அது. காற்று ஒழுகுகின்றது என்று எண்ணிக் குழாய்களை இறுக்கத் தொடங்கலாகாது.

குளிர்சாதனம் போட்டிருக்கையில் அடிக்கடி ‘டக்’ என்ற ஒலியும் எஞ்சின் வேகத்தில் சிறு ஏற்றமும் தோன்றும். புறப்பட்ட சில அடி தூரத்தில் பிரேக் சாதனம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் குறுகிய உறுமலும் சில வண்டிகளில் உண்டு. மழை பெய்த மறுநாள் முதல் சில பிரேக்குகளில் கரகரவென்ற உராய்வு கேட்டால், அது பிரேக் வட்டில் இரவில் படிந்த மெல்லிய துரு நீங்கும் ஓசையாகும்.

எஞ்சினை நிறுத்திய பின்னரும் ரேடியேட்டர் விசிறி சில நிமிடம் சுழலலாம். சூடான இரும்பு குளிர்ந்து சுருங்குகையில் ‘டிங் டிங்’ என்று ஒலிக்கும். டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டி தன்னுள் தேங்கிய கரியை எரிக்கும் சமயங்களில் எஞ்சின் வேகம் உயர்ந்து, விசிறி உரக்கச் சுழன்று, சூட்டு வாடையும் வீசும். அப்பொழுது எஞ்சினை நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் ஓட்டி, அவ்வேலை முடிய விடுதல் நலம். வீட்டிற்கும் வயலுக்கும் மட்டுமே ஓட்டினால் கரி எரியாமல் தேங்கி வடிகட்டி அடைபட்டுப் போகும்.

பழுதைக் குறிக்கும் சப்தங்கள்

1. எஞ்சின் வேகத்துடன் வேகமாகக் கூடும் கனத்த ‘டொக் டொக்’ சப்தம். உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்ததை இது குறிக்கலாம். எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால், சப்தம் இருப்பினும் இல்லாவிடினும், வண்டியைப் பத்திரமான இடத்தில் ஒதுக்கி உடனே எஞ்சினை நிறுத்தவேண்டும். அடுத்த ஊர் வரையில் ஓட்டிச் செல்லலாம் என்னும் எண்ணமே எஞ்சினைக் கெடுப்பது.

2. நாளுக்கு நாள் உரத்து, ஊளையிடுவது போல் மாறும் சீழ்க்கை. இதனுடன் வண்டியின் இழுப்பும் குறைந்தால், அமுக்கக் காற்றுக் குழாய் கழன்றோ கிழிந்தோ இருக்கலாம்; அன்றி டர்போ சக்கரம் கூட்டில் உரசவும் கூடும். நீலநிறப் புகையும் சேர்ந்து வந்தால் டர்போவில் எண்ணெய் கசிகின்றது என்று சந்தேகிக்க இடமுண்டு.

3. தாழ்ந்த வேகத்தில் பெரிய கியரில் ஏற்றம் ஏறுகையில், கூழாங்கற்களைத் தகரத்தில் குலுக்கினாற் போன்ற ஓசை. எரிபொருள் உரிய காலத்திற்கு முன்னரே வெடிப்பதால் இது நேர்கின்றது. சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் இத்தகைய வெடிப்பு பிஸ்டனையே உடைக்கவல்லது. உடனே கியரைக் குறைத்து எஞ்சினின் சுமையை இலேசாக்க வேண்டும். கைப்புத்தகத்திற் கூறிய தர எண்ணெயையே ஊற்றவேண்டும்.

4. இடைவிடாத பெல்ட்டுக் கீச்சொலி, முடுக்கும்போது எழும் ‘பட் பட்’ என்ற புகைக் கசிவு ஒலி, உலோகம் உலோகத்துடன் உரசும் ஒலி. இவை தோன்றினால் காலதாமதமின்றிக் கம்பெனிப் பட்டறைக்குக் காட்டவேண்டும்.

கிராமத்து வண்டிகளுக்கு உரிய ஒரு காரணத்தையும் இங்கே குறித்தல் தகும். நெற்குதிர்க்கும் வைக்கோற் போருக்கும் அருகில் நிறுத்தப்படும் கார்களில் எலிகள் ஏறி, ரப்பர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் கடித்துவிடுகின்றன. முந்திய நாள் இல்லாத சீழ்க்கையோ காற்றொழுகலோ காலையில் தோன்றினால் முதலில் பானெட்டைத் திறந்து, கடித்த குழாய்களும் எலிப்புழுக்கையும் உண்டா என்று நோக்கவேண்டும்.

சப்தத்தை ஆராயும் முறை

எந்தச் சப்தம் கேட்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது போதும். ஒரு குறிப்பிட்ட செய்கையுடன், அதாவது கிளப்புதல், அழுத்துதல், காலை எடுத்தல், நிறுத்துதல் இவற்றுடன், அது ஒழுங்காகச் சேர்ந்து வருகின்றதா? முதல் நாள் தொட்டு ஒரே அளவில் உள்ளதா? எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாமல் இருக்கின்றதா? புகை, வாடை, கசிவு, இழுப்புக் குறைவு ஆகிய இவற்றில் எதுவும் இல்லாமல் இருக்கின்றதா? நான்கிற்கும் ‘ஆம்’ என்பதே விடையாயின், அது பெரும்பாலும் இயல்பான சப்தமே. புதிதாகத் தோன்றி நாளுக்கு நாள் வளரும் சப்தம் எதுவாயினும் பழுதென்றே கருதத்தக்கது.

சப்தம் எஞ்சினிலிருந்து வருகின்றதா, சக்கரங்களிலிருந்து வருகின்றதா என்று அறிய, வண்டியை நிறுத்திக் கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சின் வேகத்தை மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். அப்பொழுதும் கேட்டால் அது எஞ்சினைச் சேர்ந்தது. ஓடும்போது மட்டும் கேட்டால் டயரையும் சக்கர பேரிங்கையும் பிரேக்கையும் சோதிக்கலாம். ஆனால் டர்போவின் சீழ்க்கை சுமை ஏறும்போதுதான் நன்கு கேட்கும். நின்ற நிலையில் கேட்கவில்லை என்று அதைத் தள்ளிவிடலாகாது.

வண்டி வாங்கிய முதல் மாதத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கையிலும் சூடேறிய பின்னரும் அதன் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து தேதியுடன் வைத்திருத்தல் பெரிதும் உதவும். பின்னர் சந்தேகம் எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும், பட்டறையில் சாட்சியாகக் காட்டவும் அப்பதிவு பயன்படும். பட்டறையில் கூறும் குறைகளை வேலைச் சீட்டில் எழுதச் செய்து நகல் பெறுதலும் அவசியம்.

டர்போவைப் பேணும் வழிகள்

முதல் 1000 கிலோமீட்டர் வரையில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும் இருத்தல் நலம். கிளப்பியவுடன் எண்ணெய் டர்போ அச்சை அடையச் சில விநாடி பொறுத்துப் புறப்பட்டு, எஞ்சின் சூடேறும் வரையில் மிதமாகவே ஓட்டவேண்டும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்தவுடன் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால், எண்ணெய் ஓட்டம் நின்று, தங்கிய எண்ணெய் மிகுந்த சூட்டில் கருகிப் படியும். ஆகவே ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பின்னர் நிறுத்துதல் வேண்டும்.

கல்லுடைக்கும் ஆலைகளும் ஜல்லி லாரிகளும் மிகுந்த சாலைகளிலும், கதிரடிக்கும் காலத்துக் களத்துத் தூசியிலும் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். அடைபட்டால் டர்போவின் ஓசை மாறும். கிழிந்தால் தூசி நேரே சக்கரத்தைத் தேய்க்கும். கைப்புத்தகத்தில் கண்ட கெடுவுக்கு முன்னரே அதைச் சோதித்து மாற்றுதல் சிக்கனமே. எண்ணெய் மாற்றும் கெடுவை ஒருபோதும் தள்ளிப்போடலாகாது.

உழவு மாட்டின் மூச்சொலியைக் கேட்டே அதன் களைப்பையும் நோயையும் அறிந்தவர் இந்நாட்டுக் குடியானவர். அதே செவியைப் புதிய எஞ்சினின் பாஷைக்கும் பழக்குவது அவருக்கு அரிதன்று. முதல் மாதத்துக் கவனம் பல வருஷங்களின் வீண் செலவைத் தடுக்கும்.