மஞ்சூ: ஆவியில் வேகும் ஜப்பானியப் பயற்று இனிப்பு

மெல்லிய கோதுமை மாவுத் தோலுக்குள் இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் ஜப்பானியப் பண்டம் மஞ்சூ. நம் பூரணக் கொழுக்கட்டையை மனத்தில் வைத்துக்கொண்டால் செய்முறை பாதி புரிந்துவிடும். ஆனால் மஞ்சூவில் தோலைவிடப் பூரணம்தான் கனம். 20 கிராம் மாவுக்குள் 25 கிராம் பூரணம் போகும். அதனால் பூரணம் சரியாக அமையாவிட்டால் பண்டமே இல்லை. முதல்முறை செய்பவர்கள் தோல் கிழியுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். தோல் அரைமணி நேர வேலை. பொறுமையையெல்லாம் பூரணத்துக்குக் கொடுங்கள்.

இந்தப் பண்டம் ஜப்பானுக்குச் சீனாவிலிருந்து வந்தது. ரின் ஜோயின் என்பவர் 1349-இல் ஒரு ஜென் துறவியோடு கடல் கடந்து வந்து நாரா நகரில் குடியேறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சீனாவில் உள்ளே இறைச்சி வைப்பது வழக்கம்; நாராவின் துறவிகளோ இறைச்சி உண்ணாதவர்கள். அவர்களுக்காக அசுகி என்ற சிறிய சிவப்புப் பயறை வேகவைத்து, இனிப்புச் சேர்த்து அவர் உள்ளே வைத்தார் என்கிறார்கள். நாராவில் அவருக்கு ஒரு சிறு கோயில் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 19 அன்று இனிப்புத் தயாரிப்பாளர்கள் அங்கே மஞ்சூ படைத்து விழா எடுக்கிறார்கள்.

இன்று மஞ்சூவில் பல வகை. ஹிரோஷிமாவில் மேப்பிள் இலை வடிவ அச்சில் சுடுகிறார்கள். வெள்ளைப் பயற்றுப் பூரணம் வைத்து, மேலே முட்டை மஞ்சள்கரு தடவி அடுப்பில் சுடும் வகையும் உண்டு. வீட்டுச் சமையலறைக்கு எளிது, வெந்நீரூற்று ஊர்களில் விற்கும் பழுப்பு மஞ்சூ. குன்மா மாகாணத்து இகாஹோவில் இது 1910-இல் பிறந்தது என்பார்கள். அவ்வூர் ஊற்றுநீர் இரும்புச்சத்தால் பழுப்பாக இருக்கும்; அந்த நிறத்தைக் கொண்டுவரவே மாவில் கருஞ்சர்க்கரை சேர்த்தார்களாம்.

இனி பயறு. நம் கடைகளில் அசுகி எளிதில் கிடைக்காது. ராஜ்மா நிறத்தில்தான் ஒத்துப்போகும். அது வேறு இனம், தோலும் தடிமன். சிவப்புக் காராமணி வாங்குங்கள், அதாவது சிவப்புத் தட்டைப்பயறு. அசுகி, காராமணி, உளுந்து, பாசிப்பயறு நான்கும் ஒரே தாவரப் பேரினம். ஜப்பானியரே விழாக்காலச் சிவப்புச் சோற்றில் அசுகிக்குப் பதில் காராமணியைப் போடுவதுண்டு. அசுகி வேகும்போது வயிறு வெடித்துப் பிளக்கும். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் மரணத்தை நினைவூட்டியதால் எடோ என்ற பழைய டோக்கியோவின் சாமுராய்கள் அதை விரும்பவில்லை என்று காரணம் சொல்கிறார்கள்.

150 கிராம் பயறைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். சில நிமிடம் கொதித்ததும் அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போய்விடும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் பின்நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். பிறகு புதுத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வேகவையுங்கள், குக்கரும் சரிதான். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தினாலே நசுங்க வேண்டும். அதுவரை சர்க்கரை சேர்க்கக் கூடாது. முன்கூட்டிச் சேர்த்தால் பயறு இறுகிவிடும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாக வேகாது.

வெந்ததை வடிகட்டி மத்தால் மசியுங்கள். மிக்சி வேண்டாம். பயற்றின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்து இருக்கிறது. வேகும்போது சுற்றியுள்ள புரதம் உறைந்து அதை உள்ளேயே பூட்டி வைக்கிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியுமே தவிர உடைவதில்லை. அந்த நுண்துகள்கள்தான் பூரணத்தை நாக்கில் பொலபொலவென்று கரைய வைக்கின்றன. மிக்சியின் கத்தி செல்சுவரைக் கிழித்தால் மாவுச்சத்து வெளியே வந்து பூரணம் பசையாகிவிடும். தோலில்லாத வழுவழுப்பான பூரணம் வேண்டுமென்றால் சல்லடையில் தேய்த்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை இரண்டு மூன்று முறை இறுத்து, துணியில் பிழிந்தெடுக்க வேண்டும். முதல்முறைக்குத் தோலோடு மசித்ததே போதும். பயற்றின் மணம் அதில்தான் முழுதாக இருக்கும்.

மசித்ததை அடி கனமான வாணலியில் இட்டு, 120 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கிளறுங்கள். உப்பைக் கண்டிப்பாகப் போடுங்கள். இனிப்பு திகட்டாமல் இருப்பது அதனால்தான். கரண்டியால் வாணலியின் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்கும் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும். முழுக்க ஆறிய பிறகே 25 கிராம் உருண்டைகளாகப் பிடியுங்கள். சூட்டோடு வைத்தால் தோல் இளகும்.

தோலுக்கு 90 கிராம் மைதா, 10 கிராம் சோளமாவு. ஜப்பானில் புரதம் குறைந்த மென்மையான கோதுமை மாவு பயன்படுத்துகிறார்கள். சோளமாவு கலந்தால் நம் மைதா அதற்குக் கிட்டே வரும். 65 கிராம் நாட்டுச்சர்க்கரையை 35 மில்லி வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிடுங்கள். அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான சமையல் சோடாவைச் சில துளித் தண்ணீரில் குழைத்து அதில் சேருங்கள். கட்டி நின்றால் மஞ்சூவின் மேல் மஞ்சள் புள்ளி விழும். இதில் மாவைச் சலித்துக் கொட்டிக் கரண்டியால் கலந்து, மூடி அரைமணி நேரம் வையுங்கள். பிசைய வேண்டாம், பிசைந்தால் தோல் இழுவையாகும். மாவு கையில் ஒட்டும் பதத்தில்தான் இருக்கும், கையில் மைதா தொட்டுக்கொண்டு 20 கிராம் அளவில் பத்து உருண்டைகளாகப் பிரியுங்கள்.

ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தட்டும்போது நடு சற்றுத் தடிமனாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். பூரணத்தை வைத்து, ஓரத்தைச் சுற்றிலும் மேலே இழுத்து மூடி, மூடிய பக்கம் கீழே வரும்படி பட்டர் பேப்பர் துண்டில் வையுங்கள். வெந்தால் உப்பும், எனவே நெருக்கி அடுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மாவு மறைய மேலே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். இட்லிப் பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, மூடியில் துணி கட்டி, 10 முதல் 12 நிமிடம் அவியுங்கள். துணி கட்டாவிட்டால் மூடியிலிருந்து சொட்டும் நீர் தோலைக் குழியாக்கிவிடும்.

இறக்கியதும் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் ஆறவிட்டால் தோலும் பூரணமும் சேர்ந்துகொள்ளும். கூடவே சர்க்கரை போடாத பச்சைத் தேநீர். மறுநாள் தோல் விறைத்திருந்தால் இரண்டு நிமிடம் ஆவியில் காட்டினால் இளகிவிடும். மிஞ்சிய பூரணத்தைச் சிறு சிறு பங்காகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால், அடுத்த முறை மாவு கலக்கும் வேலை மட்டும்தான்.