ரிசல்ட் வரும் ராத்திரி நீங்க யாருக்கு போன் பண்ணுவீங்க?

செமஸ்டர் ரிசல்ட் வரப்போகுதுன்னு குரூப்பில் மெசேஜ் வந்த ராத்திரியை நினைச்சுப் பாருங்க. சைட் ஹேங் ஆகும். பதிவு எண்ணைப் பத்தாவது தடவையா டைப் பண்ணுவோம். நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை ஜில்லுன்னு ஆயிடும். ஒரு பேப்பர் போச்சுன்னு தெரிஞ்சதும் முதல்ல யாருக்கு போன் பண்ணுவீங்க?

சிலருக்கு உடனே ஒரு பேர் ஞாபகம் வரும். ஒரு சீனியர் அண்ணா, ஒரு அக்கா, பத்தாங்கிளாஸ் கணக்கு சார். சிலருக்கு யாருமே ஞாபகம் வர மாட்டாங்க. குத்தாலம் பக்கத்துல இருந்து வர்ற எங்கள்ல பல பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அப்பாவுக்கு நடவும் அறுப்பும் தெரியும். 'அரியர்'னா என்னன்னு அவருக்கு விளக்குறதுக்குள்ள நமக்கு அழுகை வந்துடும். அதனால சொல்லாமலே விட்டுடுவோம்.

இந்த வித்தியாசம் மனசோடு நிற்கிற விஷயம்னுதான் நானும் நினைச்சிருந்தேன். எங்க ஊர்ல ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகள்ல வழிகாட்டலாம்னு நாங்க ஏழெட்டுப் பேர் பேசினப்போ, ஒருத்தன் "இதனால நமக்கு என்னடா லாபம்?"னு கேட்டான். பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. பதில் இருந்த இடம், ரத்தக் குழாய்!

படபடப்புக்குப் பின்னால் என்ன நடக்குது?

ஆபத்துன்னு மூளை முடிவு பண்ணினதும் உடம்பில் ரெண்டு சுவிட்ச் ஆன் ஆகுது. முதல் சுவிட்ச் நரம்பு வழியா. சில நொடிகள்ல அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ரெண்டாவது சுவிட்ச் ஹார்மோன் வழியா. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்குச் சொல்ல, சில நிமிஷத்தில் கார்ட்டிசால் வரும். ரத்தத்தில் சர்க்கரையை ஏத்தி, ஓடவோ சண்டை போடவோ தயார் பண்றது அதோட வேலை.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு அடுத்தது எளிது. கார்ட்டிசால் மூளைக்கே திரும்பிப் போய் "போதும், நிறுத்து"ன்னு சொல்லும். நெகட்டிவ் ஃபீட்பேக். ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துடணும். வெளியில் நாய் துரத்தினா அப்படித்தான் வரும். ஆனா ஃபீஸ் கடன், அரியர், வீட்டுச் சண்டை, ஹாஸ்டல் தனிமை இதெல்லாம் துரத்திட்டு நின்னுடற நாய் இல்லை. மாசக்கணக்கா துரத்தும்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு 'ஃபெட்டீக்' தெரியும். ஈல்ட் பாயின்டுக்குக் கீழே இருக்கிற சின்ன லோடுதான், ஆனா லட்சம் தடவை விழுந்தா உலோகத்தில் விரிசல் விடும். தமனியின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். தொடர் அழுத்தத்தில் தமனியின் உள்சுவர் பாதிக்கப்படும். கார்ட்டிசால் நாள் கணக்கில் கூடியே இருந்தா, நோய் எதிர்ப்பு செல்கள் அதோட பேச்சைக் கேட்கிறதை நிறுத்திடும். அப்புறம் அழற்சியை அடக்க ஆள் இல்லை. இன்டர்லூகின்-6 மாதிரியான அழற்சிக் குறிகள் ரத்தத்தில் ஏறும். பாதிக்கப்பட்ட சுவருக்குள்ள கொலஸ்ட்ரால் போய்ப் படியும். வாய்க்காலைத் தூர் வாராம விட்டா வண்டல் ஏறி, கடைமடைக்குத் தண்ணி போகாதது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷத்துல தெரியாது. பத்து வருஷத்துல தெரியும்.

"அதெல்லாம் அம்பது வயசுக்கு மேலதானே?"

இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயத்தை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த ஆய்வு 1953-ல் வந்தது. சராசரி வயசு 22. நாலில் மூணு பேருக்கும் மேல், இதயத் தமனியில் ஏதோ ஒரு அளவில் படிவு ஆரம்பிச்சிருந்தது. யாருக்கும் எந்த அறிகுறியும் இருந்ததில்லை. 22 வயசு, நம்ம ஃபைனல் இயர் வயசு.

நம்மளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. 52 நாடுகள்ல நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளியாச்சு. முதல் மாரடைப்புக்கான முக்கியக் காரணங்கள் ஒன்பதைச் சொன்னாங்க. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு இவற்றோட அதே பட்டியல்ல மன அழுத்தமும் சேர்ந்திருந்தது. அதே ஆய்வின் தரவுப்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு 53. மத்த நாட்டுக்காரங்களுக்குக் கிட்டத்தட்ட 59. நாம ஆறு வருஷம் முன்னாடியே போய் நிற்கிறோம்.

ஒரு ஆள் வந்தா என்ன மாறும்?

மூணு வழியில் மாறும்.

முதலாவது, டேம்பர் வேலை. அழுத்தம் வர்றதை வழிகாட்டி நிறுத்த முடியாது. ரிசல்ட் ரிசல்ட்தான். ஆனா "எனக்கும் தேர்ட் செம்ல ரெண்டு போச்சு, இப்ப பாரு"ன்னு ஒருத்தர் சொன்னதும், மூளை போடற ஆபத்துக் கணக்கே குறையும். அலாரம் சீக்கிரம் அணையும். நம்பிக்கையான ஒருத்தர் பக்கத்துல இருந்தா கார்ட்டிசால் ஏறுறது குறையுதுங்கிறதைப் பல ஆய்வுக்கூடச் சோதனைகள்ல பார்த்திருக்காங்க.

ரெண்டாவது, பழக்கம். டீக்கடையில் முதல் சிகரெட்டை நீட்டறவனும் ஒரு சீனியர்தான், "வேணாம்டா"ன்னு தட்டி விடறவனும் ஒரு சீனியர்தான். அமெரிக்காவில் 1904-லிருந்து நடக்கிற 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற அமைப்பில் 10 முதல் 16 வயசுள்ள 959 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. பாதிப் பேருக்கு உடனே வழிகாட்டி கிடைச்சாங்க, மீதிப் பேர் காத்திருந்தாங்க. 18 மாசம் கழிச்சுப் பார்த்தா, வழிகாட்டி கிடைச்சவங்க புதுசா போதைப்பொருள் தொடங்குறது 46 சதவீதம் குறைவு, மது தொடங்குறது 27 சதவீதம் குறைவு. 1995-ல் வந்த முடிவு இது. அந்த வழிகாட்டிகள் போதை ஒழிப்பு வகுப்பு எதுவும் எடுக்கலை. கூடவே இருந்தாங்க, அவ்வளவுதான்.

மூணாவது, உறவே ஒரு பாதுகாப்பு. 148 ஆய்வுகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2010-ல் வந்தது. நல்ல உறவுகள் உள்ளவங்க உயிரோடு இருக்கிற வாய்ப்பு, இல்லாதவங்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம்.

"நமக்கு என்ன லாபம்?"

இப்போ நண்பன் கேட்ட கேள்விக்கு வருவோம். கனடாவில் 106 பத்தாம் வகுப்பு மாணவர்களைக் குலுக்கல் முறையில் ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதி வாரம் ஒரு தடவை, ரெண்டு மாசம், தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோட தன்னார்வமா வேலை செஞ்சாங்க. இன்னொரு பாதி காத்திருந்தாங்க. முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் எடுத்தாங்க. 2013-ல் வெளியான முடிவு: சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செஞ்ச மாணவர்களுக்கு இன்டர்லூகின்-6 குறைவு, கொலஸ்ட்ரால் குறைவு, உடல் எடைக் குறியீடும் குறைவு. அதிலும் யாருக்கு அடுத்தவர் மேல அக்கறை ரொம்ப வளர்ந்ததோ, யாருக்கு மனச்சோர்வு ரொம்பக் குறைஞ்சதோ, அவங்களுக்குத்தான் பலனும் அதிகம்.

கவனிங்க, அளந்தது உதவி வாங்கினவங்க ரத்தத்தை இல்லை. கொடுத்தவங்க ரத்தத்தை!

இதை வெச்சு 'மென்டாரிங் மாரடைப்பைத் தடுக்கும்'னு ஃபார்வர்டு போட்டுடாதீங்க. அளந்தது ரிஸ்க் காரணிகளை மட்டும்தான். ஆட்கள் 106 பேர், காலம் ரெண்டு மாசம், இடம் கனடா. எடைக் குறியீட்டில் வித்தியாசம் 0.39 தான். அந்தப் பலன் நாற்பது வயசு வரைக்கும் நிக்குமான்னு அந்த ஆய்வை வெச்சுச் சொல்ல முடியாது. 148 ஆய்வுகளின் தொகுப்பிலும், ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்குத்தான் உறவுகளும் சுலபமா அமையுதுன்னு ஒருத்தர் வாதாட இடம் இருக்கு. ஆனா மூணு திசையிலிருந்து வர்ற சான்றும் ஒரே பக்கம் கையைக் காட்டுது.

பாதியில் விட்டா?

எனக்குப் பயமா இருந்த பகுதி இதுதான். மேலே சொன்ன 959 பேரின் தரவை 2002-ல் திரும்ப எடுத்து, உறவு எத்தனை மாசம் நீடிச்சதுன்னு பிரிச்சுப் பார்த்தாங்க. ஒரு வருஷமோ அதுக்கு மேலேயோ நீடிச்சவங்களுக்குத்தான் நிறைய முன்னேற்றம். மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சுபோன பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு குறைஞ்சிருந்தது. 'இவரும் விட்டுட்டுப் போயிட்டாரு'ங்கிறது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அடி. ஏற்கெனவே அடி வாங்கின பிள்ளைக்கு அது கூடுதல் அடி.

எங்க ஊருக்குப் பக்கத்துலதான் திருவாவடுதுறை. 1871-ல் 16 வயசுப் பையனா உ.வே.சாமிநாதய்யர் மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். பிறகு திருவாவடுதுறை மடத்திலும் பாடம் தொடர்ந்தது. 1876-ல் ஆசிரியர் காலமாகும்வரை அந்த உறவு நீடிச்சது. கிட்டத்தட்ட 5 வருஷம், அதாவது நம்ம பி.ஈ.யை விட ஒரு வருஷம் அதிகம். ஆசிரியர் மறைந்து 57 வருஷம் கழிச்சு, 1933-ல் தொடங்கி ரெண்டு பாகமா அவர் வரலாற்றை எழுதி வெளியிட்டார் மாணவர். உ.வே.சா. 87 வயசு வரைக்கும் வாழ்ந்தார்னு சொல்லிக் கட்டுரையை முடிக்க ஆசைதான். ஆனா சாம்பிள் சைஸ் ஒண்ணு! அதனால அதை விட்டுடறேன். நீடிச்ச உறவு என்ன பண்ணும்ங்கிறதுக்கு மட்டும் இது எடுத்துக்காட்டு.

எதிர்ப்பக்கமும் நம்ம பகுதியிலேயே இருக்கு. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியர் என்ற அதே இடம் டேம்பராவும் இருக்கலாம், லோடாவும் இருக்கலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

ஏ.ஐ.சி.டி.இ. சொல்ற முதலாண்டு அறிமுகத் திட்டப்படி ஏறக்குறைய 20 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் வழிகாட்டி இருக்கணும். உங்க மென்டார் யாருன்னு தெரியுமா? ஃபைல்ல கையெழுத்து போடுறப்ப மட்டும் பார்க்கிறவரா இருந்தா, அடுத்த தடவை கையெழுத்தோட ஒரு உண்மையான விஷயத்தையும் சொல்லிப் பாருங்க. பெரும்பாலான சார், மேடம் அதுக்காகத்தான் காத்திருக்காங்க.

நீங்க சீனியரா இருந்தா ஒரே ஒரு ஜூனியர் போதும். வாரம் ஒரு டீ. அறிவுரையைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. முதல் நாளே திருத்த ஆரம்பிச்ச வழிகாட்டிகளோட உறவுகள்தான் அதிகமா முறிஞ்சதுன்னு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டாங்க. பையனுக்குப் பிடிச்சதைப் பேச விட்டவங்க நீடிச்சாங்க. போகும்போது சொல்லிட்டுப் போங்க. "எனக்கு பிளேஸ்மென்ட் வந்துடுச்சு, ஆனா ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன்"னு சொல்றதுக்கும், நம்பரை மாத்திட்டுப் போறதுக்கும் நிறைய தூரம்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலி, மயக்கம், காரணமில்லாத மூச்சு வாங்கல் இருந்தா அண்ணனுக்கு முன்னாடி 108-க்கு போன் பண்ணுங்க. மனசு தாங்கலைன்னா 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். வருஷம் ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் பார்த்துக்கோங்க, அஞ்சு நிமிஷ வேலை.

எங்க சனிக்கிழமைத் திட்டம் என்னாச்சுன்னு கேட்பீங்க. கணக்கைப் பார்த்ததும் ஃபைனல் இயர் ஆட்கள் மூணு பேரும் தாங்களே விலகிக்கிட்டோம். மே மாசம் கிளம்பிடுவோம்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு பத்தாவது படிக்கிற பிள்ளையோட நம்பிக்கையை வாங்கக் கூடாது. செகண்ட் இயர் தம்பி தங்கைகள் நாலு பேர் பொறுப்பேற்றுக்கிட்டாங்க. ஆளுக்கு ரெண்டு பிள்ளைங்க, குறைஞ்சது ஒரு வருஷம்னு பேச்சு.

கேள்வி கேட்ட நண்பனும் அந்த நாலு பேர்ல ஒருத்தன். கொலஸ்ட்ராலுக்காகத்தான் வர்றானாம்.