மாதிரி நீராவிப் படகுக்கு அகலம் ஏன் கூடுதலாக வேண்டும்?

20 மீட்டர் நீளமும் 60 டன் எடையும் உள்ள படகை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 1 மீட்டர் ஆகிறது; எடையோ 8,000 மடங்கு குறைந்து ஏழரை கிலோவில் நிற்கிறது. மர உடல், கொதிகலன், அதிலுள்ள தண்ணீர், எஞ்சின், எரிவாயுக் குப்பி எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். கொதிகலனுக்கு அடியில் பர்னர் இருப்பதால் அந்த எடை மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. படகு சாயப் பார்ப்பது இதனால்தான். ஆகவே வரைபடத்தை அப்படியே சுருக்காமல், அகலத்தைச் சற்றுக் கூட்டுவதே சரி. அகலம் 10 சதவீதம் கூடினால் மிதக்கும் கனஅளவும் 10 சதவீதம் கூடும். சாய்ந்த படகை நிமிர்த்தும் நீர்மட்டப் பரப்பின் பலமோ அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. அது 33 சதவீதம் உயரும்.

அடியில் ஈயம் வைத்தால் போதாதா? வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு கிராமும் அந்த ஏழரை கிலோவிலிருந்துதான் கழியும். அகலம் கூடினால் தோற்றம் கெடும் என்பார்கள். 25 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டரை கூடியதைக் கரையில் நிற்பவர் கண்டுபிடிப்பது கடினம்.

கட்டையைக் குடைவதைவிட, ப்ளைவுட் சட்டங்கள்மேல் மெல்லிய மரக்கீற்றுகளை நீளவாக்கில் ஒட்டினால் எடை மிச்சம். ஈரம் பட்ட மரம் இழைக்குக் குறுக்கே வீங்கும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் நனைந்து காயும்போது கீற்றுகளின் இணைப்புகள்தான் விட்டுப்போகும். வெந்நீரும் எண்ணெயும் சொட்டும் உட்புறத்துக்கும் எபாக்சி பூசியே ஆகவேண்டும். கொதிகலனைப் பொருத்துமுன்பே பூசிவிடுங்கள். பிறகு பிரஷ் உள்ளே நுழையாது.